கோச்சிப் புகையை அளப்பவர் யார்?

அண்மையில் ஒருநாட் காலை, கொழும்புக்குப் புறப்பட்ட உறவினர் ஒருவரை வழியனுப்பும் பொருட்டு யாழ்ப்பாணப் புகையிரத நிலையத்துக்குச் சென்றிருந்தோம். எமது தமக்கையாரின் மகளும் உடன் வந்திருந்தாள். உயர்தர வகுப்பிற் பௌதிகம் படிப்பவள். எதனையும் ‘ஏன்’, ‘எவ்வாறு’ என்று கேளாது விடாதவள். வண்டி மேடையருகே உறுமியபடி நின்றது. எஞ்சினுக்கு அண்மையில் நின்ற தாய் ஒருத்தி, தன் கைக்குழந்தையின் முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு அப்பால் நகர்ந்தாள். அதனைக் கண்ட எம் மருமகள் எம்மை நோக்கி,

“மாமா, எங்கடை மோட்டார் சைக்கிளுக்கு ஒவ்வொரு வருசமும் புகை பார்த்துத்தானே பத்திரம் தருகினம். இந்தக் கோச்சிக்கு ஆர் புகை பார்க்கிறது?” என்று வினவினாள்.

நாம் உடனே விடை கூற இயலாதவராய் நின்றோம். அருகிருந்த வாங்கில் முதியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். தொண்ணூறாம் ஆண்டுக்கு முன்னர் எஞ்சின் செலுத்திய அனுபவம் உடையவர் என்பது பின்னர்த் தெரிந்தது. அவர் சிரித்துக்கொண்டே, “நல்ல கேள்வி பிள்ளை. எங்கடை காலத்திலை நாங்கள் கண்ணாலை பார்த்ததுதான் சோதனை. கறுப்பாய் வந்தால் ஒரு குறை, நீலமாய் வந்தால் வேறொரு குறை” என்றார்.

வீடு திரும்பிய பின்னரும் அவ்வினா எம்மை விடவில்லை. ஆகவே இவ்வாரம் அதனையே பொருளாக எடுத்துக்கொள்கின்றோம்.

பெயரிலேயே உள்ள புகை

நம் முன்னோர் இவ்வண்டிக்குப் புகையிரதம் என்று பெயரிட்டபோது அது நிலக்கரியை எரித்து ஓடியது. 1902 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே முதல் வண்டி ஓடிற்று. 1905 இல் யாழ்ப்பாணமும் கொழும்பும் இருப்புப் பாதையால் இணைந்தன. 1950 களில் டீசல் எஞ்சின்கள் வரத் தொடங்கின. கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா நாடு அளித்த எஞ்சின்களுக்கு ஆல்பேர்ட்டா முதலிய அந்நாட்டு மாகாணப் பெயர்கள் சூட்டப்பட்டன. 1956 ஏப்பிரல் 23 ஆம் நாள் ‘யாழ் தேவி’ தன் ஓட்டத்தைத் தொடங்கினாள். நிலக்கரி போயிற்று, நீராவி போயிற்று, பெயரிலுள்ள புகை மட்டும் போகவில்லை.

1990 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தின் பின் அப்புகையையும் நாம் காணவில்லை. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டி, அதன் கண்ணெரிச்சலைத் தாங்கிய தலைமுறை எமது. 2014 ஒக்ரோபர் 13 ஆம் நாள் வண்டி மீண்டும் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது, அதன் ஊதலைக் கேட்டுக் கண்ணீர் வடித்தோர் பலர். ஆதலின் அவ்வண்டியைக் குறைகூறுவது எமது நோக்கமன்று. வீட்டுக்கு மீண்டு வந்த பிள்ளைக்கும் காய்ச்சல் கண்டால் வெப்பமானி வைத்துப் பார்க்கத்தானே வேண்டும்?

கண் காண்பதும் காணாததும்

முதியவர் கூறிய நிறக்கணக்கு பிழையன்று. எரியெண்ணெய்க்குப் போதிய காற்றுக் கிடையாதபோது கரி முழுதும் எரியாமற் கரும்புகையாக வெளிவரும். நின்ற வண்டி புறப்படும்போது ஒரு கருமுகில் எழுவதைக் கவனித்திருப்பீர்கள். வெளியேறும் வாயுவின் விசையாற் சுழன்று காற்றை உள்ளே தள்ளும் விசிறியுடைய எஞ்சின்களில், எண்ணெய் உடனே பாய்ந்துவிடும்; விசிறியோ வேகமெடுக்கச் சில கணங்கள் செல்லும். அந்த இடைவெளியே கருமுகிலாகின்றது. மசகெண்ணெய் கசிந்து எரிந்தால் நீலப் புகை. குளிர்ந்த எஞ்சினில் எண்ணெய் எரியாது ஆவியாகப் போனால் வெண்புகை.

இவ்வாறு கண்ணால் அளப்பதற்கும் ஒரு முறை வகுத்தனர். பிரான்சு நாட்டுப் பேராசிரியர் மாக்சிமிலியன் ரிங்கல்மான் என்பவர் 1888 இல் வெண்மையிலிருந்து கருமை வரை படிப்படியாக அமைந்த சாயல் அட்டையொன்றை இயற்றினார். தூரத்தில் எழும் புகையை அவ்வட்டையோடு ஒப்பிட்டு இத்தனையாம் தரம் என்று குறிப்பர். எளிய முறைதான். ஆயினும் கண் காணாத மாசுகளை அதனாற் காண முடியாது.

காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைதரசன். எஞ்சின் உருளையினுள்ளே வெப்பம் மிகும்போது அந்த நைதரசனும் ஒட்சிசனும் கூடி நைதரசன் ஒட்சைட்டுகள் பிறக்கின்றன. அவை மூச்சுக் குழலை உறுத்துவன; வெயிலில் வேறு வினைகளுக்கு உட்பட்டு ஓசோனையும் உண்டாக்குவன. விந்தை என்னவெனில், எரிதல் சூடாகவும் செம்மையாகவும் நிகழ்ந்தாற் கரி குறையும், இவ்வாயு கூடும். ஆகவே குழாயின் வாய் தெளிவாக இருப்பதைக் கண்டு, ‘இந்த எஞ்சின் சுத்தமானது’ என்று தீர்ப்புச் சொல்லிவிட இயலாது.

எடுத்துக்கொண்ட பொருள் சிறிதன்று. உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிலையம், டீசல் எஞ்சின் புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று 2012 ஜூன் மாதத்தில் வகைப்படுத்தியது. அமெரிக்காவில் ஏறத்தாழ 55,000 புகையிரதத் தொழிலாளரின் விவரங்களை 1959 முதல் 1996 வரை பின்தொடர்ந்து ஆராய்ந்தனர். வண்டியோட்டும் பணிகளிலிருந்தோரிடையே நுரையீரற் புற்றுநோய் இறப்பு ஏறத்தாழ நாற்பது வீதம் மிகுந்திருந்தது என 2004 இல் வெளியான அவ்வாய்வு கூறியது. மேடையில் ஐந்து நிமிடம் நின்று திரும்பும் எம்மைவிட, நாள்தோறும் எஞ்சினோடு வாழும் சாரதிக்கும் உதவியாளருக்கும் பணிமனைத் தொழிலாளிக்குமே இவ்வினா முதலில் உரியது.

பானைச் சோறும் ஓடும் வண்டியும்

எம் மருமகளின் வினாவிற்கு வருவோம். நம் நாட்டில் வாகனங்களுக்கான புகைச் சோதனை 2008 ஆம் ஆண்டு தொடங்கிற்று. ஆண்டுதோறும் வருவாய் அனுமதிப்பத்திரம் பெறும் வாகனங்களோடு அது பிணைக்கப்பட்டுள்ளது. புகையிரதம் அத்தகைய பத்திரம் பெற்று ஓடும் வாகனமன்று; எனவே அச்சோதனைச் சாவடிக்கு அது வருவதில்லை. பணிமனையில் எஞ்சினைப் பழுதுபார்த்துச் சரிபார்ப்பது வேறு. அது பாதையில் ஓடும்போது எவ்வளவு மாசு விடுகின்றது என்று அளப்பது வேறு.

அளக்கும் வழிகள் இரண்டு. ஒன்று, நிறுத்திவைத்து அளப்பது. டீசல் எஞ்சின் நேரே சக்கரத்தைச் சுழற்றுவதில்லை. நம் பெரிய எஞ்சின்கள் பலவற்றில் அது மின்னாக்கியைச் சுழற்ற, அம்மின்சாரமே சக்கர மோட்டார்களை இயக்குகின்றது. ஆகவே அம்மின்சாரத்தை மோட்டார்களுக்கு அனுப்பாது, பெரிய தடைக் கம்பிச் சுருள்களிற் செலுத்தி வெப்பமாக்கிவிட்டால், வண்டி நின்றபடியே எஞ்சின் முழுப்பாரம் சுமக்கும். அவ்வாறு சுமக்கச் செய்து, ஒவ்வொரு நிலையிலும் வெளிவரும் புகையை அளப்பர்.

மற்றையது, ஓடும்போதே அளப்பது. நிறுத்தி அளப்பது இருக்க இது எதற்கு என்று கேட்கலாம். ‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பது எமது பழமொழி. அது பானைக்குப் பொருந்தும். ஏனெனில் பானை முழுவதும் ஒரே நெருப்பில் ஒரே நேரத்தில் வேகின்றது. வண்டியோ அவ்வாறன்று. இவ்வகை எஞ்சினின் கைப்பிடிக்குப் பொதுவாக எட்டுப் படிகள் உண்டு. அவற்றோடு சும்மா உறுமி நிற்கும் நிலையும் உண்டு. ஒவ்வொரு படியிலும் எரியும் எண்ணெய் வேறு, பிறக்கும் மாசு வேறு. எந்தப் படியில் எவ்வளவு நேரம் நிற்பது என்பதைப் பாதையும், நிலையங்களின் நெருக்கமும், சாரதியின் கையுமே தீர்மானிக்கின்றன.

சர்வதேசச் சோதனை முறையொன்றில் புகையிரத எஞ்சினுக்குக் கொடுக்கப்படும் நிறைகளைப் பாருங்கள்: சும்மா நிற்கும் நிலைக்கு நூற்றுக்கு 60, அரைப்பாரத்துக்கு 15, முழுப்பாரத்துக்கு 25. இது பொதுவாக வகுத்த கணக்கு. காங்கேசன்துறையிற் புறப்பட்டு மாவிட்டபுரம், தெல்லிப்பழை, மல்லாகம், சுன்னாகம், இணுவில், கோண்டாவில், கொக்குவில் என்று சிறு தூரத்துக்கொரு நிலையத்தில் நின்று நின்று வரும் வண்டிக்கும், ஆனையிறவுக்குத் தெற்கே தட்டையான வன்னி நிலத்தில் நெடுந்தூரம் ஓடும் வண்டிக்கும் அதே கணக்குப் பொருந்துமா? மலைநாட்டிற் பட்டிப்பொல வரை ஏறும் வண்டிக்குப் பொருந்துமா? ஓடவிட்டு அளந்தாலன்றி இதற்கு விடையில்லை.

ஒரு சிறு பெட்டியின் வேலை

இத்தகைய அளவீட்டை வழக்கமான பயணிகள் சேவையிலேயே செய்து காட்டியவர்களுள் அமெரிக்காவின் வட கரோலினா அரசுப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கிறிஸ்தோபர் ஃபிரேயும் அவருடைய மாணவரும் குறிப்பிடத்தக்கவர்கள். றாலே நகருக்கும் சார்லற் நகருக்கும் இடையே 173 மைல் ஓடும் வண்டியின் எஞ்சினில், கையாற் காவிச் செல்லத்தக்க அளவைக் கருவிகளைப் பொருத்தி, பயணிகள் ஏறி இறங்கும் நாளாந்த ஓட்டத்திலேயே அவர்கள் அளந்தனர்.

அக்கருவி செய்யும் வேலை மாணவர் அறிந்த பௌதிகமும் இரசாயனமுமே. புகைக்குழாயிற் செருகிய மெல்லிய குழல் ஒன்று, வெளிவரும் வாயுவிற் சிறிதளவை இடைவிடாது உறிஞ்சும். காபனீரொட்சைட்டு, காபனோரொட்சைட்டு ஆகியவை செந்நிறக் கீழ்க்கதிர்களை விழுங்கும் அளவைக் கொண்டு அவற்றின் செறிவு அறியப்படும். நைதரசன் ஒட்சைட்டுக்கு வேறோர் உணர்கருவி. நுண்துகளுக்கு ஒளிக்கற்றை, துகள் மிகுந்தால் ஒளி மிகுதியாகச் சிதறும். அதே கணத்தில் எஞ்சினின் சுழற்சி வேகமும், உட்புகும் காற்றின் அமுக்கமும் வெப்பநிலையும் குறிக்கப்படும். இவை அனைத்தும் நொடிக்கு நொடி பதிவாகும்.

இதன் அடிப்படையான உபாயம் மிக எளியது. டீசல் எண்ணெயில் எவ்வளவு காபன் உண்டு என்பது அறியப்பட்டது. ஒரு லீற்றர் எண்ணெய் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோகிராம் காபனீரொட்சைட்டு வெளிவரும். ஆகவே புகையில் அவ்வாயுவுக்கு மற்ற மாசு என்ன விகிதத்தில் உள்ளது என்று தெரிந்தால், ஒரு லீற்றர் எண்ணெய்க்கு எத்தனை கிராம் மாசு என்பது தானே வரும். எரிந்த எண்ணெயின் அளவால் அதனைப் பெருக்கினால் பயணத்தின் முழுக்கணக்கும் வந்துவிடும். கூழில் ஒரு கரண்டி எடுத்து உப்புப் பார்ப்பது போன்றதே இது. ஆனால் இங்கே கூழ் கணத்துக்குக் கணம் மாறுவதால், கரண்டியும் ஓயாது இயங்க வேண்டியிருக்கின்றது.

சொல்லுதற்கு எளிது, செய்வதற்கு அரிது. எஞ்சின் அறையின் வெப்பமும் அதிர்வும் கருவியைக் கெடுக்கும். செறிவு தெரிந்த வாயுவைச் செலுத்திக் கருவியை அடிக்கடி ஒப்புப் பார்த்தல் வேண்டும். நம் பாதையிலானால் ஆனையிறவின் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். ஒரு பயணம் போதாது. வேறு வேறு நாள், வேறு வேறு சாரதி, வேறு வேறு பாரம் என்று பலமுறை அளந்து சராசரி காணல் வேண்டும். ஒரே வண்டியும் ஒரே பாதையும் ஆயினும், செலுத்துபவரின் கைப்பழக்கத்தால் எண்ணெய்ச் செலவும் மாசும் வேறுபடுகின்றன. புதிய எஞ்சின் வாங்கப் பணமில்லாத நாட்டுக்கு இது நற்செய்தி. கைப்பிடியைக் கையாளும் பழக்கத்தையும், நிலையத்தில் வீணே உறுமி நிற்கும் நேரத்தையும் திருத்துவதற்குப் பெரும் பொருட்செலவு இல்லையல்லவா?

வண்டிக்குள்ளே இருப்போர்

புகை வெளியே போகின்றது. நாம் உள்ளே இருக்கின்றோம் என்று அமைதி கொள்வதற்கும் இல்லை. கனடாவின் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தார் புறநகர் வண்டிகளின் பெட்டிகளுக்குள் அளந்து 2017 இல் வெளியிட்ட முடிவு சிந்தனைக்குரியது. எஞ்சின் முன்னே நின்று இழுக்கும்போது பெட்டிகளினுள்ளே சில மாசுகளின் அளவு, நெரிசலான நகரத் தெருவிலுள்ளதைக் காட்டிலும் சராசரியாக ஒன்பது மடங்கு இருந்தது. எஞ்சின் பின்னே நின்று தள்ளும்போது அது பெரிதும் குறைந்தது. எஞ்சினை அடுத்த பெட்டியிலேயே நிலைமை மோசம். அளந்ததன் பயனாக, அங்குப் பெட்டிகளின் காற்றோட்ட வழிகளிற் சிறந்த வடிகட்டிகளைப் பொருத்தும் முயற்சி எழுந்தது. அளவு பேசினால் அதிகாரிகளும் செவிசாய்ப்பர் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

யன்னலைத் திறந்து வைத்துக் காற்று வாங்கிச் செல்வதே நம்மவர் வழக்கம். அதனைக் கைவிடச் சொல்லவில்லை. கைக்குழந்தை, கர்ப்பிணி, தொய்வு நோயாளர் ஆகியோர் எஞ்சினை அடுத்த பெட்டியைத் தவிர்த்துப் பின்னே அமர்தல் நன்று. மேடையில் உறுமி நிற்கும் எஞ்சினுக்கு அருகே காத்திராது சற்று விலகி நிற்றலும் நன்று. சேலைத் தலைப்பால் முகம் மூடிய அத்தாயின் செயலைவிட, அவள் அப்பால் நகர்ந்த செயலே பயனுடையது. நுண்துகள் துணியின் இழைகளுக்கூடாகப் புகுந்துவிடும், தூரத்தை வெல்வதுதான் அதற்குக் கடினம்.

நீதியான கணக்கு

இங்கு ஓர் எச்சரிக்கை. வண்டி புகைவிடுகின்றது என்று கூறி எல்லோரும் தத்தம் காரில் ஏறிவிட்டால், அது மருந்துக்கு அஞ்சி நஞ்சுண்ட கதையாகும். கணக்குக்காக ஓர் உதாரணம் கொள்வோம். வண்டியொன்று கிலோமீற்றருக்கு 3 லீற்றர் எண்ணெய் எரித்து 600 பேரைச் சுமக்கின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பங்கு 5 மில்லிலீற்றர். லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடும் காரில் இருவர் சென்றால் ஒருவர் பங்கு ஏறத்தாழ 42 மில்லிலீற்றர். எண்ணெய்ச் சிக்கனத்தில் வண்டியை வெல்வது எளிதன்று.

ஆயினும் இக்கணக்கு எண்ணெயைப் பற்றியது, கரியைப் பற்றியதன்று. பழைய எஞ்சின் ஒரு லீற்றரில் விடும் கரி, புதிய எஞ்சின் விடுவதிலும் பன்மடங்கு இருத்தல் கூடும். எண்ணெயில் வென்ற வண்டி கரியில் தோற்கின்றதா, அங்கும் வெல்கின்றதா என்பதை அளவு ஒன்றே கூறும். அண்டை நாடாகிய இந்தியா தன் அகலப் பாதைகளைப் பெரும்பாலும் முழுமையாக மின்மயமாக்கிவிட்டது. அங்கே இவ்வினா மங்கிவருகின்றது. நம் வடபகுதிப் பாதையிலோ டீசலே ஓடுகின்றது. ஆதலின் இவ்வினா நமக்கு உயிருள்ள வினா.

காற்றுக்கு எல்லையில்லை என்பதையும் மறத்தலாகாது. 2022 டிசெம்பர் மாதத்தில் யாழ்ப்பாணம் உள்ளிட்ட பல நகரங்களிற் காற்றின் தரம் வெகுவாகத் தாழ்ந்தது; கடல் கடந்து வந்த மாசு அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. மேலிருந்து வருவது எவ்வளவு, நம் வீதியிலும் பாதையிலும் பிறப்பது எவ்வளவு என்று பிரித்தறிய வேண்டுமாயின், பிறக்குமிடத்திலேயே அளத்தல் வேண்டும். அன்றேல் அயலவரைப் பழித்துக்கொண்டு நம் வாசலைக் கூட்டாதிருந்துவிடுவோம்.

அளவையின் அருமையைக் குடாநாட்டார்க்கு நாம் எடுத்துக் கூற வேண்டியதில்லை. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது முதலில் அதனை உணர்ந்தது மக்களின் மூக்கும் நாவும். ஆனால் மூக்கின் சாட்சியை மன்றம் ஏற்காது. நீரை எடுத்து ஆய்வுகூடங்களில் அளந்தனர். அளவுகளைப் பற்றியே நீண்ட பிணக்கு நிகழ்ந்தது. ஈற்றில் 2019 ஏப்பிரல் மாதத்தில் உயர் நீதிமன்றம் இரண்டு கோடி ரூபா இழப்பீடு விதித்துத் தீர்ப்பளித்தது. பொறுமையோடும் நேர்மையோடும் அளந்த எண்ணே எளியவன் கையிலுள்ள படைக்கலம்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகின்றது. இருப்புப் பாதையும் அவ்வழியே செல்கின்றது. புகையிரதத் திணைக்களம் எஞ்சினின் கதவைத் திறந்துவிட, பீடத்து மாணவர் கருவியோடு ஏறினால், யாழ் தேவியின் மூச்சை முறைப்படி அளந்த முதற் பெருமை நம் பிள்ளைகளுக்கே கிட்டலாம். திணைக்களத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கன்று. எந்த எஞ்சினை முதலிற் பழுதுபார்ப்பது, எந்த நிலையத்தில் உறுமலைக் குறைப்பது என்று அதற்கே வழிகாட்டுவதற்கு.

பாடசாலை மாணவர் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. வெள்ளைக் கடதாசித் துண்டுகளில் மெல்லென வசிலீன் தடவி, பாதையோர வீடொன்றிலும், நூறு யார் தள்ளியுள்ள வீட்டிலும், அரை மைல் தள்ளியுள்ள வீட்டிலும் மழைபடாத இடத்தில் ஒரு வாரம் தொங்கவிட்டு ஒப்பிடுங்கள். வண்டி நிலையத்தில் எத்தனை நிமிடம் உறுமி நின்றது என்று கைக்கடிகாரத்தாற் குறித்து வையுங்கள். இது கிராம்க் கணக்கைத் தராது. வீதிப் புழுதியும் அடுப்புப் புகையும் அதில் கலந்திருக்கும். ஆனால் கவனிக்கவும் ஐயுறவும் கற்பிக்கும். தண்டவாளத்தில் இறங்குதல் கூடவே கூடாது என்பதைப் பெற்றோர் நினைவூட்டுக.

இவற்றையெல்லாம் எம் மருமகளிடம் கூறினோம். அவள் பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு, “அப்ப மாமா, இப்ப ஒருத்தரும் பார்க்கிறேல்லை எண்டுறியள், நான் கம்பசுக்குப் போனாப் பிறகு பார்க்கிறன்” என்றாள்.

அவ்விடையைவிடச் சிறந்த முடிவுரை எம்மிடம் இல்லை. கடதாசித் துண்டுகள் நான்கு இப்பொழுதே எம் வீட்டு விறாந்தையில் தொங்குகின்றன.